உன் மாமியாருக்கு ஊர் சுற்றிக் காட்டிய நாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது, அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, காதுதான் முன்னைவிட மோசம், பக்கத்தில் நின்று கத்தினால்தான் திரும்பிப் பார்க்கிறார். கப்பலுக்கு அடியில் உட்கார்ந்து இத்தனை வருஷம் சுத்தியலால் துருவைத் தட்டின காது வேறு எப்படி இருக்கும். சலவைக் கடைக்குப் புது முதலாளி வந்திருக்கிறார், பழைய முதலாளியின் மருமகன், இஸ்திரிப் பெட்டியைக் கையால் தொட்டதில்லை, ஆனால் விரிப்பை எப்படி மடிப்பது என்று எங்களுக்கே பாடம் எடுக்கிறார். நாங்களும் தலையாட்டிக்கொண்டு எங்கள் வழியில்தான் மடிக்கிறோம். இதைச் சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி மேஜை மேல் வைத்து எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில் நீ அழ ஆரம்பிப்பாய், அப்புறம் நான் உனக்குச் சமாதானம் சொல்ல வேண்டிவரும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

உன் மாமனார் மாமியார் வந்த சுற்றுலாக் கப்பல் கிளம்பின அன்றைக்கு நீ போன் செய்து எப்படிப் போச்சு என்று கேட்டாய், நல்லபடியாகப் போச்சு என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு சீக்கிரம் பேச்சை முடித்துக்கொண்டதில் உனக்கு நிம்மதி, மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இப்போது முழுதாகச் சொல்கிறேன், படி. நீ என்ன சொல்லியிருந்தாய், கப்பல் ஒரு பகல்தான் நிற்கும், அவர்களுக்கு நடப்பது பிடிக்கும், பழைய ஊரை நடந்தே சுற்றிக் காட்டு, வீட்டுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே, என்னைப் பற்றி நீயாக எதுவும் பேச்செடுக்காதே என்றாய். வீட்டுக்குக் கூப்பிடாதே என்றது உறுத்தியது. ஆனாலும் ஒரே அறை, குழாயடி வாசலில், உன் கூச்சம் உனக்கு என்று விட்டுவிட்டேன். அப்பாவுக்கும் வர ஆசை. உங்களுக்குக் காது கேட்காது, சம்பந்திகள் தொண்டை கிழியக் கத்த வேண்டும், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரை அடக்கி உட்கார வைத்தேன். கடையில் ஒரு நாள் லீவு சொல்லி, இருப்பதில் நல்ல துணியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, காலையிலேயே துறைமுக வாசலில் போய் நின்றேன். கல்யாணத்தைத்தான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை, பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டோம், நீங்கள் அவ்வளவு செலவு செய்து வர வேண்டாம் என்றுவிட்டாய், சம்பந்தியையாவது கட்டிப்பிடித்து ஒரு வார்த்தை பேசலாம் என்று நெஞ்செல்லாம் ஆசை.

போட்டோவில் பார்த்த முகம்தானே, இறங்கும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன். உன் மாமியார் சிரித்த முகத்தோடு, நீங்கதானே கைடு, எங்க மருமக சொல்லியிருந்தா, நேரத்துக்கு வந்துட்டீங்களே என்று சொல்லி, நான் நீட்டின கையில் தன் பையை மாட்டிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கை நீட்டினால் பை வாங்கத்தான் நீட்டுகிறார்கள் என்று நினைப்பது இயல்புதானே. நான் அவ அம்மா என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் உன் மாமனார், ஒரு நாளைக்கு எவ்வளவும்மா வாங்குவீங்க, முதல்லயே பேசிடறது நல்லது பாருங்க என்றார். கைடு என்று நீதான் சொல்லி வைத்திருக்கிறாய் என்று அப்போதுதான் உறைத்தது. பெற்றவள் சலவைக்காரி என்று சொல்ல வெட்கம், அதனால் அம்மாவைக் கைடு ஆக்கிவிட்டாள், அம்மா எங்கேயோ வேறு ஊரில் இருப்பதாகச் சொல்லியிருப்பாள், போகட்டும் என்று நினைத்தேன். நடக்கிறபோதே அதை மென்று முழுங்கினேன். அவ்வளவோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இருக்காது.

நல்ல கைடாகவே இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உன் வார்த்தை பொய்யாகக் கூடாதே. கோட்டைச் சுவரோரம் கூட்டிப் போனேன். படகுக் கயிறு கட்டுவதற்குத் தரையில் பாதி புதைத்து வைத்திருக்கிற பழைய பீரங்கிகளைக் காட்டினேன், சண்டைக்குப் பிறந்தது கடைசியில் கயிறு பிடிக்கிற வேலைக்கு வந்துவிட்டது பாருங்கள் என்றேன், உன் மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். சரக்கு இல்லாமல் வந்த கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்த கல்லை இங்கே இறக்கிப் போட, அதையே பரப்பித் தெருவாக்கின கதையைச் சொன்னேன். ஒரே தெருவில் ஏழு கடல் தாண்டின கல்லெல்லாம் கிடக்கிறது என்று உன் மாமியார் குனிந்து தடவிப் பார்த்தாள். கயிற்றுக்காரர் சந்து ஏன் இவ்வளவு நீளமாக, கோடு கிழித்த மாதிரி நேராக இருக்கிறது என்று கேட்டார்கள், அந்தக் காலத்தில் கப்பல் கயிறு முறுக்க அவ்வளவு நீளம் வேண்டும், வளைந்தால் கயிறு கெட்டுப்போகும் என்றேன். சுங்கக் கட்டிடத்துக் கடிகாரம் நின்றுபோனதற்கு மட்டும் காரணம் தெரியவில்லை, ஒரு மாலுமிக்காகக் காத்திருந்த பெண்ணின் நினைவாக நிறுத்தினார்கள் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். உன் மாமியார் கண் கலங்கிவிட்டாள். பொய் சொல்வது உனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்தேன், என்னிடமிருந்தாகத்தான் இருக்கும்.

வெயில் ஏறினதும் உன் மாமியாருக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. எங்கே நின்றுகொண்டு கேட்டாள் தெரியுமா, நம் தெரு முனையில். நம் கதவு கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பது உன் உத்தரவு, அதனால் வயதான அந்த மனுஷியை மேட்டில் ஏற்றி, இறக்கி, கப்பல் சாமான் விற்கிற கடைக்காரரிடம் கெஞ்சி அவர் கடைக் கழிப்பறையைத் திறந்துவிடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, உன் வீடு இந்தா இருக்கே, பூட்டியா கிடக்கு என்று கேட்டார். நல்ல வேளை, அவள் உள்ளே போயிருந்தாள். திரும்பி வரும்போது நம் சந்துப் பக்கம் பார்த்துவிட்டு, துணி காயப்போட்டிருக்கிற இந்தக் குறுகல் தெரு எவ்வளவு அழகாக இருக்கிறது, யார் இருக்கிறார்கள் இங்கே என்று கேட்டாள். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் என்றேன். ஒரு படம் எடுத்துக்கொண்டாள். உனக்குக் காட்டியிருப்பாள், பார்த்திருப்பாய். இடது பக்கம் கொடியில் தொங்குகிற கிழிசல் பனியன் அப்பாவுடையது.

சாப்பிட உட்கார்ந்த இடத்தில்தான் விஷயம் வந்தது. உன் மாமனாரின் புது ஷூ காலைக் கடித்து நொண்டிக்கொண்டு வந்தார், அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். உன் மாமியார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு உதவி கேட்கணும், எங்க மருமகளுக்குத் தெரியக் கூடாது, அவளுக்குத் தெரியாம செய்யணும்னுதான் இந்த ஊர்ல நிக்கிற கப்பலா பாத்துத் தேர்ந்தெடுத்தோம் என்றாள். பாவம், அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போயிட்டாங்களாம், இந்த ஊர்லதான் புதைச்சிருக்காங்களாம், ஒரு பூ வைக்கக்கூட அவளால வர முடியல, நாங்க வைக்கலாம்னு வந்தோம், உங்களுக்கு அந்த இடம் தெரியுமா என்று கேட்டாள். எங்கள் பெயர் இரண்டையும் சரியாகச் சொன்னாள். கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தேனா, அதுவே விழுந்ததா என்று எனக்கு நினைவில்லை. அவள் என் மடியில் கொட்டின தண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். தெரியும் என்றேன். அவங்களை உங்களுக்குப் பழக்கமா என்று கேட்டாள். பழக்கம்தான் என்றேன். எப்படிப்பட்டவங்க என்று கேட்டாள். அந்த மனுஷன் வாய் திறக்காத ஆள், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அந்த அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஆனால் பெண் என்றால் உயிர் என்றேன். எதனால இறந்தாங்க, கேட்டா அழறா, சொல்ல மாட்டேங்கிறா என்றாள். திடீர்னுதான், அவங்களுக்கே தெரியாது என்றேன்.

அப்போதே உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம் என்று நீ நினைக்கலாம், இல்லை, நினைக்க மாட்டாய், உடைக்க மாட்டேன் என்ற தைரியத்தில்தானே என்னையே அனுப்பினாய். வேறு யாராவது கைடு கிடைத்து ஊரில் விசாரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், அம்மா என்றால் வாயை மூடிக்கொண்டு கூட வருவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். கணக்கில் தப்பில்லை. உன் மாமியார் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும், முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் நல்லவள். பூக்கடையில் மலிவானதை எடுக்கப் போன என் கையை விலக்கிவிட்டு இருப்பதிலேயே நல்ல வெள்ளைப் பூவாகப் பொறுக்கினாள். இரண்டு கொத்து. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பிள்ளைகள் பங்கு பிரிப்பது மாதிரி அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என் கொத்தை நானே தூக்கிக்கொண்டு மேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறினேன்.

எந்தக் கல்லறையைக் காட்டுவது என்று ஏறுகிற வழியெல்லாம் யோசனை. பெயர் வெட்டின கல்லைக் காட்ட முடியாது. கடல் பார்த்த சரிவில், எப்போதோ கரையில் ஒதுங்கின பெயர் தெரியாதவர்களைப் புதைத்த இடம் இருக்கிறதே, அங்கே கல் இல்லாத இரண்டு மேடு பக்கம் பக்கமாக இருந்தது, இதுதான் என்று கையைக் காட்டினேன். யார் பெற்ற பிள்ளைகளோ, அவர்களுக்காவது அன்றைக்குப் பூ கிடைத்தது. உன் மாமனார் நொண்டிக்கொண்டே புல்லைப் பிடுங்கினார். உன் மாமியார் மண்டி போட்டு உட்கார்ந்து, மண்ணில் கையை வைத்துக்கொண்டு பேசினாள். "நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க, உங்க பொண்ண எங்க பொண்ணா பாத்துக்கறோம். ராத்திரியில உங்களை நினைச்சு அழுதா நான்தான் பக்கத்துல படுத்துக்குவேன்" என்றாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, அவங்களுக்குக் கேட்டிருக்குமா என்று குழந்தை மாதிரி கேட்டாள். "கேட்டிருக்கும்மா, நல்லாவே கேட்டிருக்கும்" என்றேன். நானும் அழுதேன். எவ்வளவு இளகின மனசு உங்களுக்கு என்று என் முதுகைத் தடவினாள். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை, ராத்திரியில் எங்களை நினைத்து அழுகிறாய் என்றாளே, அது அவர்களுக்குக் காட்டுகிற அழுகையா, நிஜமாகவே அழுகிறாயா. நிஜம் என்றால் ஏன் அழுகிறாய், நாங்கள்தான் இங்கே இருக்கிறோமே.

படம் எடுத்தார்கள். முதலில் அந்த இரண்டு மண்மேட்டை மட்டும், பிறகு அவர்கள் இரண்டு பேரும் பூவோடு, பிறகு நீங்களும் நில்லுங்க என்று என்னையும் இழுத்து நிறுத்தி ஒன்று. அதைத்தான் உனக்குப் பிறந்தநாளுக்குச் சட்டம் போட்டுத் தரப்போவதாகச் சொன்னாள். ஓரத்தில் தலை குனிந்து நிற்கிறவளை யாரென்று கேட்டால் நீ கைடு என்றுதான் சொல்ல வேண்டும், சொல்லிப் பழகிக்கொள்.

இறங்கி வரும்போது படிக்கட்டில் அப்பா. ஓய்வு நாள் வந்தால் இந்தக் கல்லறை மேட்டுக்குப் போய்க் கப்பல் பார்த்துக்கொண்டு உட்காருவார் என்பது உனக்குத் தெரியாததா, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதும் அங்கேதானே. அன்றைக்கு ஓய்வு நாளும் இல்லை, வேலையைப் போட்டுவிட்டு எங்களைத் தேடித்தான் வந்திருக்கிறார், இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரின தலை. கண்ணால் வேண்டாம் என்றேன், அவருக்குக் காதுதான் கேட்காது என்று நினைத்தேன், என் கண் சொல்வதும் அன்றைக்கு எட்டவில்லை. நேராக வந்து உன் மாமனாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, ரொம்ப சந்தோஷம்" என்றார். கண் நிறைந்துவிட்டது. உன் மாமனாரும் ஊர்க்காரர் யாரோ அன்பாக வரவேற்கிறார் என்று கையை விடாமல் சிரித்துக்கொண்டே நின்றார். அப்பா அவர் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, படியில் உட்கார்ந்து, அவர் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, ஷூ நாடாவைத் தளர்த்தி, குதிகாலில் தன் கைக்குட்டையை மடித்துச் செருகிவிட்டார். யாரும்மா இது என்று உன் மாமியார் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். தெரிஞ்சவர், காது கேட்காது என்றேன். கட்டின புருஷனைத் தெரிஞ்சவர் என்று சொல்ல வைத்துவிட்டாய். உன்னை மன்னிக்கிற நாள் வந்தாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மன்னிப்பேனா என்று தெரியவில்லை. கப்பலுக்குப் போகிற வழியெல்லாம், இந்த ஊர்ல எவ்வளவு நல்ல மனுஷங்க, நம்ம மருமக இங்க பொறந்தவதானே, அதான் அவ்வளவு தங்கமா இருக்கா என்று அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். கூலி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன், வேண்டாம் என்கிற கைடு எங்கேயாவது உண்டா.

அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவரோ, சம்பந்தி என் கையை விடவே இல்லை, பெரிய இடத்து ஆளாக இருந்தும் கொஞ்சம்கூடக் கர்வம் கிடையாது, நம் பெண் நல்ல இடத்தில்தான் விழுந்திருக்கிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். தான் உயிரோடு இருப்பதாகவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்களை எப்போது சாகடித்தாய் என்று யோசித்துப் பார்க்கிறேன், படிக்கப் போன புதிதிலா, மாப்பிள்ளையைப் பார்த்த பிறகா. எப்போது போன் செய்தாலும் தெருவில் நடந்துகொண்டே பேசுவாய், பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும், வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசேன் என்றால் நேரமில்லை என்பாய். அதற்கெல்லாம் இப்போதுதான் அர்த்தம் புரிகிறது. சலவைக்காரி மகள், துரு தட்டுகிறவன் மகள் என்று சொன்னால் அந்த மனுஷி உன்னைத் துரத்திவிடுவாள் என்றா நினைத்தாய். ஒரு பகல் முழுக்க அவளோடு நடந்தவள் சொல்கிறேன், அவள் வீட்டுக்குள் வந்திருப்பாள், கட்டிலில் உட்கார்ந்திருப்பாள், அப்பா பனியனை மடித்துக்கூட வைத்திருப்பாள். நீதான் எங்களையும் தெரிந்துகொள்ளவில்லை, அவர்களையும் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது எழுத வந்த காரியத்தைச் சொல்கிறேன். கப்பலேறும்போது உன் மாமியார் என் விலாசம் கேட்டு எழுதிக்கொண்டாள், சலவைக் கடை விலாசத்தைக் கொடுத்து, பெயருக்குக் கைடம்மா என்று போட்டாலே வந்து சேரும் என்றேன். அந்த இரண்டு மேட்டுக்கும் சேர்த்து நல்ல கல்லாக வைக்கப் போகிறாளாம், வெறும் மண்ணாகப் பார்த்துவிட்டுப் போக மனசு வரவில்லையாம், ஆள் பிடித்து நான்தான் முடித்துக் கொடுக்க வேண்டுமாம். நேற்று அவள் கடிதம் வந்துவிட்டது. பெயர் தெரியும், இறந்த தேதியை மருமகளிடம் நைசாகக் கேட்டு அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாள். அவள் கேட்கும்போது எனக்கும் அப்பாவுக்கும் எந்தத் தேதியைக் கொடுப்பாய் என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள். என்னால் அவளுக்கு மறுத்து எழுத முடியவில்லை, உன்னைக் காட்டிக் கொடுக்கவும் முடியவில்லை. நான் வாயே திறக்க மாட்டேன், அந்தப் பயம் உனக்கு வேண்டாம். சொல்வதாக இருந்தால் அவளிடம் நீயே போய்ச் சொல், அவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிற ஒரு ராத்திரியில் சொல். சொல்லாவிட்டால் கல் வந்துவிடும். அப்பாவுக்குக் காதுதான் கேட்காது, கண் நன்றாகத் தெரியும், கல்லறை மேட்டில் புதுக் கல் எது வந்தாலும் கிட்டப் போய் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உட்காருவார்.

மாப்பிள்ளையின் உடம்பைப் பார்த்துக்கொள், மாமனார் காலில் புண் ஆறிவிட்டதா என்று பார், மாமியாரை எதிர்த்துப் பேசாதே. வேலைக்கு வெறும் வயிற்றோடு ஓடாதே. கடிதத்தை உன் வேலையிடத்துக்குத்தான் அனுப்புகிறேன், உறையில் அனுப்புகிறவர் பெயர் போடவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், குறையில்லாமல் இருக்க வேண்டும், இதை வயிற்றெரிச்சலோடு எழுதினாலும் மனசார எழுதுகிறேன். அப்பா உனக்குத் தனியாக ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
சம்பந்தியம்மாள் தேதி அனுப்புகிறவரைக்கும்
உன் அம்மா